தப்புக் கணக்கு கூடிய குழு: காரைக்குடிப் பலகார நிறுவனம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு நடுத்தரப் பலகார நிறுவனம். இப்போதைய முதலாளியின் அப்பா காலத்தில், வீட்டின் இரண்டாம் கட்டில் நாலு அடுப்பு மூட்டி, கல்யாணச் சீருக்குப் பலகாரம் செய்துகொடுப்பதாக ஆரம்பித்த தொழில். இன்று ஊருக்கு வெளியே பெரிய கொட்டகை, பாக்கெட் போட இயந்திரம், மதுரைக்கும் சென்னைக்கும் வாராவாரம் லோடு என்று வளர்ந்திருக்கிறது. புதுச் சரக்கு கொண்டுவருவதற்கென்றே மூன்று சின்னக் குழுக்கள் வைத்திருக்கிறார்கள்: பலகாரக் குழு, மசாலாப் பொடிக் குழு, வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம் போன்றவற்றுக்கு மாவு தயாரிக்கும் ரெடிமிக்ஸ் குழு. ஒவ்வொன்றிலும் ஐந்தாறு பேர். பேருக்குத்தான் மூன்று குழு. ஒன்றில் நடப்பது இன்னொன்றுக்குத் தெரியாது. பலகாரக் குழு படாத பாடு பட்டுக் கண்டுபிடித்த விஷயத்தை ரெடிமிக்ஸ் குழு மறுபடி முதலிலிருந்து கண்டுபிடித்துக்கொண்டிருக்கும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கல்யாணத்தில் கொடுத்த கரண்டி வரைக்கும் பட்டியல் எழுதி வைக்கிற ஊர் இது. பேரேடு, ஐந்தொகை என்று கணக்கெழுதியே பர்மாவிலும் மலேயாவிலும் கடை நடத்தியவர்களின் பேரன்கள் நடத்துகிற தொழிலில், கருகிப்போன ஒரு ஈடுகூட (ஒரு தடவையில் செய்கிற அளவு) எந்த ஏட்டிலும் ஏறியதில்லை. நன்றாக வந்த ஈட்டுக்கு எடை உண்டு, தேதி உண்டு. சரியாக வராததைக் கோணியில் கட்டி மாட்டுத் தீவனத்துக்கு அனுப்பிவிடுவார்கள், பேச்சும் அத்தோடு முடிந்துவிடும்.

பலகாரக் குழு ஆரம்பித்த வழக்கம்

பலகாரக் குழுவுக்கு உணவுத் தொழில்நுட்பம் படித்த ஒரு பெண் பொறுப்பாளராக வந்த பிறகுதான் இது மாறத் தொடங்கியது. சனிக்கிழமை மதியம் அடுப்பு அணைந்ததும் எல்லாரும் கொட்டகைத் திண்ணையில் உட்காருவார்கள். கேள்வி நாலுதான்: என்ன செய்ய நினைத்தோம், என்ன நடந்தது, ஏன் அப்படி ஆனது, அடுத்த டிரையலில் எதை மாற்றுவோம். அமெரிக்க ராணுவத்தில் 1970களிலிருந்து பயிற்சி முடிந்ததும் கேட்டுக்கொள்கிற கேள்விகள் இவை; பொறுப்பாளர் கல்லூரியில் இவற்றைப் பற்றிப் படித்திருந்தார். பேசியதை ஒரு நீள நோட்டில் எழுதுவது அவர் வேலை. யார் செய்தது என்று எழுத மாட்டார், எது நடந்தது என்று மட்டும். நோட்டு அடுப்புப் பக்கத்து ஆணியிலேயே தொங்கும். அதனால் பாதிப் பக்கங்களில் எண்ணெய்க் கறை.

அப்போது கையில் இருந்த பொருள் சீப்புச் சீடை. அரிசி மாவும் உளுந்து மாவும் தேங்காய்ப் பாலில் பிசைந்து, சீப்பில் தேய்த்து வரி விழவைத்து, சுருட்டி ஒட்டிப் பொரிப்பது. வீட்டில் செய்தால் ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும், பிரச்சினையே கிடையாது. பாக்கெட்டில் மாதக்கணக்கில் நிற்க வேண்டும் என்றபோதுதான் சிக்கல் வந்தது. சில பாக்கெட்டுகளில் மூன்றாவது வாரத்திலேயே சோப்பு வாடை. சில பாக்கெட்டுகளில்தான், அதுதான் தலைவலி.

கவனித்தவை

சீப்பில் தேய்க்கிற அம்மாவை எல்லாரும் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு சனிக்கிழமை அவர்தான் சொன்னார்: “திங்கக்கிழமை ஈடுதான் ஆத்தா நாறுது. மத்த நாளு சரக்கு அப்படி இல்ல.” கையோடு காரணமும் சொன்னார், உளுந்து மாவு பழசு என்று. பொறுப்பாளர் இரண்டையும் தனித்தனி வரியில் எழுதினார். திங்கட்கிழமை என்பது பார்த்தது, உளுந்து என்பது நினைத்தது. எண்ணெய் கெட்டுவிட்டது என்று சூப்பர்வைசர் ஒரு காரணம் சொன்னார், பாக்கெட் உறை சரியில்லை என்று பாக்கெட் போடுகிறவர் ஒன்று சொன்னார். அவையும் ஏறின.

அப்புறம் ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தார்கள். அன்று அரைத்த உளுந்து மாவிலும் வாடை வந்தது. பொரிக்கிற எண்ணெயில் மொத்தத் துருவச் சேர்மங்கள் (எண்ணெய் சூடாகிச் சூடாகிச் சிதைவதால் சேருபவை) 25 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று 2018 ஜூலையிலிருந்து விதி இருக்கிறது. மீட்டர் வைத்துப் பார்த்ததில் அதற்கு வெகு கீழேதான் இருந்தது. மிஞ்சியது தேங்காய்ப் பால். மற்ற நாட்களில் காலையில் திருகிக் காலையிலேயே பிழிவார்கள். திங்கட்கிழமை மட்டும் தேங்காய் திருகுகிற அம்மா தேவகோட்டையிலிருந்து வந்து சேரத் தாமதமாகும் என்பதால், ஞாயிறு சாயங்காலமே பிழிந்து பாத்திரத்தில் மூடி வைத்திருந்தார்கள். தேங்காய்க் கொழுப்பில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். பால் ராத்திரி முழுக்க வெதுவெதுப்பில் நின்றால் கொழுப்பு உடைந்து அந்த அமிலம் தனியாகப் பிரியும், அதுதான் சோப்பு வாடை. ஒரே மாவில் புதுப் பால் ஒரு பாதி, பழைய பால் ஒரு பாதி என்று செய்து, பாக்கெட்டில் குறி மட்டும் போட்டு, எது எதுவென்று தெரியாதவர்களிடம் வாரம் ஒருமுறை முகரக் கொடுத்தார்கள். கூடவே பொறுப்பாளர் தன் சின்ன ஆய்வு மேசையில் காரக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அமில அளவும் பார்த்தார். அமிலம் தீர்ந்தால்தான் நிறம் மாறும்; பழைய பால் சீடைக்கு இளஞ்சிவப்பு நிறம் வர ரொம்ப நேரம் பிடித்தது. மூக்கு சொன்னதையே அதுவும் சொன்னது.

ஆக, பெரியம்மா பார்த்தது சரி, சொன்ன காரணம் தப்பு. காரணம் தப்பு என்பதற்காக அவர் பேச்சை முழுசாகத் தள்ளியிருந்தால் திங்கட்கிழமை என்ற துப்பும் சேர்ந்து போயிருக்கும்.

இதோடு நின்றிருந்தால் “பாலை அன்றே பிழி” என்று ஒரு விதி எழுதி ஒட்டியிருப்பார்கள். அடுத்த சனிக்கிழமை பாக்கெட் போடுகிற பையன் கேட்டான், திங்கட்கிழமை ஏன் அவ்வளவு காலையில் அடுப்பு மூட்ட வேண்டும் என்று. மதுரை லாரி அன்று சாயங்காலம் கிளம்புவதால். ஏன் திங்கட்கிழமை? விசாரித்தால், பெரிய முதலாளி காலத்தில் ஒரு கடைக்காரர் செவ்வாய் காலை சரக்கு கேட்டாராம். அந்தக் கடை மூடி வருஷக்கணக்காகிறது. லாரி மட்டும் திங்கட்கிழமை கிளம்பிக்கொண்டே இருந்தது. லாரியைச் செவ்வாய்க்கு மாற்றினார்கள். கிறிஸ் ஆர்கிரிஸ் என்ற மேலாண்மை அறிஞர் ஒற்றை வளையக் கற்றல், இரட்டை வளையக் கற்றல் என்று பிரித்துச் சொல்வார்: இருக்கிற விதிக்குள் பிழை திருத்துவது ஒன்று, அந்த விதியையே கேள்வி கேட்பது இன்னொன்று. நான் வகுப்பில் சொல்லித்தருகிற உதாரணங்களைவிட இந்த லாரி நல்ல உதாரணம்.

முதலாளி கேட்ட கேள்வி

இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போதே மாதாந்தரக் கூட்டத்தில் வேறொரு கணக்கு போய்க்கொண்டிருந்தது. மூன்று குழுவின் தோல்வி ஈடுகளும் பக்கத்துப் பக்கத்தில். மசாலாக் குழு சுத்தம். ரெடிமிக்ஸில் ஒன்றோ இரண்டோ. பலகாரக் குழுவில் முன்பு ஒன்றிரண்டு இருந்த இடத்தில் இப்போது பத்துக்கு மேல். முதலாளி நேராகவே கேட்டார்: “உக்காந்து பேசிப் பேசித் தப்புதான் கூடியிருக்கு. அந்தச் சனிக்கிழமை நேரத்துல இன்னும் நாலு ஈடு போடலாம்ல?”

அவரைக் குறை சொல்ல முடியாது. காகிதத்தில் அப்படித்தான் தெரிந்தது. முயற்சியை நிறுத்துவதா, மற்ற இரண்டு குழுவுக்கும் கொண்டுபோவதா என்று முடிவெடுக்க ஒரு மதிப்பீடு வேண்டும் என்று வெளியாளான என்னைக் கூப்பிட்டது அப்போதுதான்.

இந்தக் குழப்பம் புதுசு இல்லை. அமெரிக்கக் கார் நிறுவனம் ஒன்றில் 1990களில் ஒரு புதுக் கார் உருவாக்கும் குழு, பிரச்சினைகளை ஒளிக்காமல் முன்கூட்டியே சொல்லப் பழகியது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கூடவே இருந்து பதிவு செய்த கதை. மாற்றக் கோரிக்கைகள் முதலிலேயே குவிந்ததைப் பார்த்த மேலதிகாரிகள், திட்டம் கைமீறிப் போகிறது என்று நினைத்துவிட்டார்கள். ஹார்வர்டு மேலாண்மைப் பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் 1996இல் வெளியிட்ட மருத்துவமனை ஆய்விலும் இதே திருப்பம்: நன்றாக நடத்தப்பட்ட செவிலியர் குழுக்களில்தான் மருந்துப் பிழைகள் அதிகம் பதிவாகியிருந்தன, ஏனென்றால் அங்கேதான் பயமில்லாமல் சொன்னார்கள். இந்த இரண்டையும் முதலாளியிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார், ஒப்புக்கொள்ளவில்லை. “அது கார், இது சீடை” என்றார். நியாயம்தான். பத்துக்கு மேல் தப்பு என்பது வெளிப்படையாகப் பேசுவதாலும் இருக்கலாம், உண்மையிலேயே வேலை கெட்டுப்போனதாலும் இருக்கலாம். எண்ணிக்கையை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது.

எடைபோட எடுத்த வழியும் காரணமும்

பயிற்சிகளை மதிப்பிட டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959இல் நாலு படி சொன்னார்: பிடித்ததா, கற்றார்களா, நடத்தை மாறியதா, பலன் வந்ததா. முதல் படியை அப்படியே விட்டுவிட்டோம். “சனிக்கிழமைக் கூட்டம் எப்படி இருக்கிறது” என்று கேட்டால் எல்லாரும் நல்லாயிருக்கு என்றுதான் சொல்வார்கள், டீயும் வடையும் வேறு கொடுக்கிறார்கள். நேராக மூன்றாவது படிக்குப் போனோம்.

பிடித்த அளவுகோல் இதுதான்: தப்பு எங்கே பிடிபடுகிறது? அடுப்படியிலா, பாக்கெட் போடும் மேசையிலா, கடையிலா? எத்தனை தப்பு என்பதை எண்ணுவதற்குப் பதிலாக ஒவ்வொரு தப்புக்கும் இடத்தைக் குறித்தோம். முந்தைய வருஷத்து ரிட்டர்ன் சீட்டுகளையும் கடைக்காரர்கள் போனில் சொன்ன புகார்களையும் தோண்டி எடுத்து அதையும் இதே கட்டத்தில் போட்டோம். படம் மாறியது. பலகாரக் குழுவின் பழைய தப்புகள் பெரும்பாலும் கடையில் பிடிபட்டவை, புதியவை பெரும்பாலும் அடுப்படியில். சுத்தமாகத் தெரிந்த மசாலாக் குழுவுக்கு அடுப்படிக் கட்டம் காலி, கடைக் கட்டம் காலியில்லை.

இரண்டாவதாக, ஒரே காரணத்தால் ஒரே தப்பு திரும்ப வருகிறதா என்று பார்த்தோம். மூன்றாவதாக, அடுத்த பொருளுக்கு டிரையல் திட்டம் போடும்போது முந்தைய பொருளில் கற்றது ஏதாவது அதில் இருக்கிறதா என்று. சீடைக்கு அடுத்து மனகோலம் என்ற இனிப்புப் பலகாரத்தை எடுத்தபோது, தேங்காய்ப் பல்லை எப்போது நறுக்குவது, எவ்வளவு வறுப்பது என்ற கேள்வி முதல் நாள் திட்டத்திலேயே இருந்தது. யாரும் நினைவுபடுத்தவில்லை. மதிப்பீட்டில் நான் அதிக எடை கொடுத்தது இதற்குத்தான்.

ரிட்டர்ன் குறைந்தது உண்மை. ஆனால் அதை முழுசாகக் கூட்டத்தின் கணக்கில் எழுத மறுத்தோம். அதே சமயத்தில் பாக்கெட் உறையையும் மாற்றியிருந்தார்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் எந்தப் பலகாரமும் சீக்கிரம் நமத்துப்போகும் என்பதால் மாதத்துக்கு மாதம் ஒப்பிடுவதும் செல்லாது. போன வருஷ அதே மாதத்தோடு மட்டும் ஒப்பிட்டு, உறை மாறியதையும் பக்கத்திலேயே எழுதிக் கொடுத்தோம். முதலாளி நம்பியது இதற்கப்புறம்தான். சாதகமாக இருந்ததையே கழித்துச் சொன்னது அவருக்குக் கணக்குப்பிள்ளைத்தனமாகப் பட்டிருக்க வேண்டும்.

பரப்பிய முதல் சுற்று

நம்பியதும் அவசரம் வந்துவிட்டது. அலுவலகத்திலிருந்து நாலு கேள்வியும் அச்சடித்த படிவம் மற்ற இரண்டு குழுவுக்கும் போனது, சனிக்கிழமைதோறும் நிரப்பித் தர வேண்டும் என்ற உத்தரவோடு. படிவம் போதாது என்று பலகாரக் குழுப் பொறுப்பாளர் சொன்னார். தீபாவளி நெருக்கத்தில் அதைக் கேட்க யாருக்கும் நேரமில்லை.

மாதக் கடைசியில் மசாலாக் குழுவின் படிவங்களை எடுத்துப் பார்த்தேன். நாலு வாரத் தாளிலும் அதே நீல மை, அதே சாய்வு, “ஏன்” என்ற கட்டத்தில் “கவனக்குறைவு” என்ற அதே சொல். ஒரே உட்காரலில் எழுதியது என்று குழந்தைக்கும் தெரியும். ரெடிமிக்ஸ் குழு கொஞ்சம் நேர்மையாக இரண்டு தாளைக் காலியாகவே கொடுத்திருந்தது.

மசாலாக் குழுத் தலைவருக்கு இருபது வருஷத்துக்கு மேல் அனுபவம். அவரிடம் உட்கார்ந்து பேசினால் காரணம் சோம்பல் இல்லை என்று தெரிந்தது. “என் அளவை எழுதிக் குடுத்துட்டா நாளைக்கு நான் எதுக்குன்னு கேப்பாங்க” என்றார். வறுக்கும் பக்குவம்தான் அவருக்குச் சொத்து. அதை ஆணியில் தொங்கும் நோட்டில் எழுதச் சொன்னால் யார்தான் எழுதுவார்கள்? அலுவலகத்தில் இதை “ஒத்துழைப்பு இல்லை” என்று எழுதியிருந்தார்கள். அந்த வரியை எடுக்கச் சொன்னேன்.

இரண்டாம் சுற்று

படிவத்தை நிறுத்திவிட்டு, சீடைக் கதையையே எழுதுவது என்று முடிவானது. ஜார்ஜ் ராத், ஆர்ட் கிளைனர் ஆகியோர் எம்ஐடியில் உருவாக்கிய ‘கற்றல் வரலாறு’ என்ற முறை இருக்கிறது. பக்கத்தை இரண்டாகப் பிரித்து, வலது பக்கம் நடந்ததைச் சம்பந்தப்பட்டவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதுவது, இடது பக்கம் கேட்டவர்களின் கேள்வியும் குறிப்பும். பேர் இருக்காது, பொறுப்பு மட்டும் இருக்கும். அச்சுக்குப் போகுமுன் ஒவ்வொருவரும் தன் வரியைப் படித்துச் சரி சொல்ல வேண்டும். அப்புறம் சின்னச் சின்னக் கூட்டமாக உட்கார்ந்து அதைப் படித்துப் பேச வேண்டும். கார் குழுவின் கதையும் இப்படித்தான் எழுதப்பட்டது.

பெரிய கார் நிறுவனத்தில் பேரை எடுத்தால் ஆள் மறைந்துவிடுவார். இங்கே சீப்பில் தேய்ப்பவர் ஒரே ஒருவர்தான். பெரியம்மாவுக்கு வாசித்துக் காட்டியபோது சிரித்தார்: “பேரு போடாட்டியும் என் பேச்சுன்னு ஊருக்கே தெரியும். உளுந்துன்னு தப்பாச் சொன்னதையும் சேத்தே போடுங்க.” ஞாயிறு பால் பிழிய ஏற்பாடு செய்த சூப்பர்வைசர் தன் வரியை எடுக்கச் சொன்னார். எடுத்துவிட்டோம். கதையில் ஒரு ஓட்டை விழுந்தது, பரவாயில்லை. அவர் வரியை வற்புறுத்தி வைத்திருந்தால் அடுத்த கதைக்கு யாரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள்.

பத்துப் பக்கம் வந்தது. பிள்ளையார் நோன்பு முடிந்த வாரத்தில், முதலாளியின் பழைய வீட்டு வளவில், தூணோரமாகப் பாய் விரித்து ரெடிமிக்ஸ் குழுவும் பலகாரக் குழுவும் கலந்து உட்கார்ந்து படித்தார்கள். முதலாளி வரக் கூடாது என்பது நிபந்தனை. அவர் வரவில்லை, முதலாளியின் தாயார் ஆச்சி மட்டும் காப்பி கொடுத்துவிட்டுப் போனார். திங்கட்கிழமை என்ற இடம் வந்ததும் ரெடிமிக்ஸ் குழுவில் ஒருவர் நிறுத்தினார். வெள்ளைப் பணியார மாவு சில சமயம் எண்ணெய் குடிக்கிறது, சில சமயம் நன்றாக உப்புகிறது, அதற்கு நாள் பார்த்ததே இல்லையே என்றார். வீட்டில் ஒரு படி பச்சரிசிக்கு மேல் கோபுரமாக உளுந்து வைத்து, ஊறவைத்து நைசாக அரைப்பது அந்தப் பணியாரத்தின் அளவு. உலர்ந்த மாவில் அந்த ஊறலும் நைசும் கிடைக்காது. தண்ணீர் ஊற்றிய பிறகு எவ்வளவு நேரம் விடுகிறோம் என்பதுதான் தீர்மானிக்கும். டிரையலில் அதை யாரும் குறித்ததில்லை, டீ இடைவேளையைப் பொறுத்து மாறிக்கொண்டிருந்தது. இந்த விஷயம் சீடைக் கதையில் எங்கும் கிடையாது, அதைப் படித்துக்கொண்டிருந்தபோது அவர்களுக்கே தட்டுப்பட்டது. இதற்கு எந்தக் கட்டத்தில் மதிப்பெண் போடுவது என்று அலுவலகத்தில் கேட்டார்கள். கட்டம் இல்லை, அப்படியே விவரித்து எழுதுங்கள் என்றேன்.

பிறகு நடந்தது

ரெடிமிக்ஸ் குழு தானாகச் சனிக்கிழமை உட்கார ஆரம்பித்தது, நோட்டும் வைத்தது. அவர்கள் கேட்டது ஒன்றுதான்: பலகாரக் குழுவிலிருந்து ஒரு ஆள் சில வாரம் கூட உட்கார வேண்டும். பாக்கெட் போடும் பையனை அனுப்பினார்கள். கேள்வி கேட்கக் கூச்சப்படாதவன் என்பதால் சரியாக அமைந்தது.

மசாலாக் குழு வரவில்லை. வறுக்கும் அளவைத் தொடாமல், பொடி கட்டிதட்டுவது, நிறம் மங்குவது போன்ற பாக்கெட் விஷயங்களை மட்டும் பேசலாம் என்று தலைவர் பாதி வழிக்கு இறங்கி வந்தார். அதற்கு அவர் போட்ட நிபந்தனை, தோல்வி எண்ணிக்கை மாதக் கூட்டத்தில் காட்டப்படக் கூடாது. முதலாளி ஒத்துக்கொண்டு மூன்று குழுவுக்குமே அந்தப் பத்தியை எடுத்துவிட்டு, கடையில் பிடிபட்ட தப்பை மட்டும் வைத்துக்கொண்டார்.

எதிர்பாராத சோதனை ஒன்றும் வந்தது. எல்லாம் ஆரம்பித்த பெண் கல்யாணமாகி ஓசூர் போய்விட்டார். கூட்டம் நிற்கவில்லை. நோட்டிலும் “என்ன நடந்தது” என்பது முன்பு போலவே விரிவாக இருக்கிறது. “ஏன்” என்ற இடம் மட்டும் மெலிந்துவிட்டது. பார்த்ததையும் நினைத்ததையும் தனி வரியில் எழுதும் பழக்கம் சில வாரங்களில் காணாமல் போகிறது. அமில அளவு பார்க்க இப்போது ஆள் இல்லை.

மாற்ற வேண்டியவை

எடைபோடும் வேலையை முதலாளி கோபப்பட்ட பிறகு ஆரம்பித்ததால், முந்தைய நிலையைப் பழைய சீட்டுகளிலிருந்து தோண்ட வேண்டியிருந்தது. பாதிச் சீட்டு கிடைக்கவே இல்லை. இப்படி ஒரு வழக்கத்தைத் தொடங்குகிற நாளிலேயே, தப்பு எங்கே பிடிபடுகிறது என்ற கணக்கையும் தொடங்கிவிட வேண்டும். பதிவு கொஞ்ச காலம் கூடத்தான் செய்யும் என்பதையும் மேலே இருப்பவரிடம் முதலிலேயே சொல்லி வைப்பது நல்லது. பின்னால் சொன்னால் சாக்கு மாதிரிக் கேட்கும்.

படிவத்தைப் பொறுத்தவரை, அனுப்பியிருக்கவே வேண்டாம். ஆள் மாற்றி உட்காரவைப்பதும் கதையைச் சேர்ந்து படிப்பதும் மெதுவானவை, ஆனால் இந்த அளவு நிறுவனத்தில் வேறு எதுவும் ஓடவில்லை. நூறு பேருக்கு மேல் உள்ள இடத்தில் இது தாங்குமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

கைப்பக்குவத்தைச் சொத்தாக வைத்திருப்பவர்களுக்கு அது சம்பளத்திலோ பொறுப்பிலோ காக்கப்படும் என்ற உறுதி முதலில் வேண்டும், நோட்டு அப்புறம். மசாலாத் தலைவர் விஷயத்தில் இதைப் பற்றி நிறுவனம் இன்னும் முடிவெடுக்கவில்லை. அமில அளவு பார்க்கிற வேலையை ரெடிமிக்ஸ் குழுவிலிருந்து ஒருவருக்கும் பலகாரக் குழுவிலிருந்து ஒருவருக்கும் சேர்த்துக் கற்றுக்கொடுப்பதென்று முடிவாகியிருக்கிறது. தை மாதக் கல்யாண ஆர்டர் முடிந்ததும் தொடங்குவார்கள்.